அகழிக்குள் ஒரு செங்கல் வீடு

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் கடலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும் நார்ஃபோக்கில், கட்டடத்துக்குத் தோதான கல் அதிகம் கிடைக்காது. வயலை உழுதால் சிக்கிமுக்கிக் கல் கிடைக்கும். அதற்கு மட்டமும் கிடையாது, மூலையும் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அதையே சுண்ணாம்புச் சாந்தில் பதித்துச் சுவர் எழுப்பினார்கள். பல ஊர்களில் தேவாலயக் கோபுரம்கூட வட்டமாக இருக்கும். மூலைக்கு வைக்க நல்ல கல் இல்லாமல் போனதுதான் காரணம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். பணம் படைத்த மடாலயங்கள் பீட்டர்பரோ பக்கத்திலிருந்து பார்னாக் சுண்ணாம்புக்கல்லையும், கடல் தாண்டி நார்மண்டியிலிருந்து கான் நகரத்துக் கல்லையும் படகில் இறக்கிக் கட்டின. மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

15ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த செல்வந்தர்கள் காலடி மண்ணையே சுடத் தொடங்கினார்கள். எதிர்க்கரையில் ஃப்ளாண்டர்ஸ், ஹாலந்து நாடுகளில் செங்கல் வேலை ஏற்கெனவே நன்றாகத் தேறியிருந்தது. அங்கிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள், அவர்களோடு சூளை நுட்பமும் வந்தது. 1432இல் யார்மத் அருகே சர் ஜான் ஃபாஸ்டோல்ஃப் கெய்ஸ்டர் கோட்டையைச் செங்கல்லில் எழுப்பத் தொடங்கினார். அதே காலத்தில் லிங்கன்ஷயரில், நாட்டின் கருவூலத் தலைவராக இருந்த ரால்ஃப் குரோம்வெல் டாட்டர்ஷல் கோபுரத்தைக் கட்டினார். கல்லுக்கு வழியில்லாமல் செங்கல்லுக்குப் போனார்கள் என்று இதை நினைத்துவிடக் கூடாது. இவர்கள் நினைத்தால் எந்தக் கல்லையும் வரவழைத்திருக்கலாம். செங்கல் அன்றைக்குப் புதுசு. சிவப்பாக, வழவழப்பாக, கண்ணைப் பறிக்கும் ஆடம்பரம் அது. அந்த ஆடம்பரம் உச்சத்தில் இருந்த காலத்து வீடு ஒன்றைப் பார்க்கத்தான் கோடைக்காலத்தில் ஆக்ஸ்பரோ என்ற கிராமத்துக்குப் போனேன். வீட்டின் பெயர் ஆக்ஸ்பர்க் ஹால்.

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் கேம்பிரிட்ஜ், ஈலி வழியாக டவுன்ஹம் மார்க்கெட் வரும். கேம்பிரிட்ஜில் வேலை பார்க்கும் அக்கா மகன் வழியில் ஏறிக்கொண்டான். பாலங்களின் தாங்குதிறனைக் கணக்கிடுவது அவன் தொழில். ஈலி தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. ஒரு காலத்தில் முழுக்கச் சதுப்பாகக் கிடந்த பூமி இது. 17ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்து வயலாக்கினார்கள். மண் கன்னங்கரேல் என்று இருக்கிறது. டவுன்ஹம் மார்க்கெட்டில் இறங்கினால் நிறம் மாறுகிறது. பழைய வீடுகள் எல்லாம் கார்ஸ்டோன் என்ற காவி கலந்த பழுப்புக் கல்லில் கட்டப்பட்டவை. நார்ஃபோக்கின் மேற்கு ஓரத்தில் கிடைக்கும் அந்தக் கல்லைப் பெரும்பாலும் சின்னச் சின்னச் சில்லாகவே எடுக்க முடியும். அங்கிருந்து டாக்ஸியில் கிழக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஸ்டோக் ஃபெர்ரி தாண்டி, கிளைச்சாலையில் திரும்பினால் ஆக்ஸ்பரோ.

வீடு தூரத்திலிருந்து தெரிவதில்லை. மரங்களைக் கடந்து புல்வெளிக்கு வந்தவுடன் நான்கு பக்கமும் அகழி சூழ்ந்த சிவப்புச் சதுரமாக நேரே நிற்கிறது. வடக்கு முகப்பின் நடுவில் வாயிற்கோபுரம். இரண்டு எண்கோணத் தூண்கோபுரங்கள் ஏறத்தாழ 80 அடி உயரத்துக்கு எழும்புகின்றன. அவற்றுக்கு நடுவே, மேலே ஒரு வளைவு இரண்டையும் கட்டி நிறுத்துகிறது. கீழே வாசல், அதற்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கல் சட்டம் வைத்த பெரிய ஜன்னல்கள். அகழித் தண்ணீரில் அத்தனையும் தலைகீழாக இன்னொரு முறை தெரிகிறது.

"மாமா, இது கோட்டையா, வீடா?" என்றான்.

கட்டியவர் விரும்பியதும் பார்ப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதைத்தான். 1482இல் எட்மண்ட் பெடிங்ஃபெல்ட் என்பவர் நான்காம் எட்வர்ட் மன்னரிடம் அனுமதிப் பட்டயம் பெற்றார். வீட்டு மதிலில் கோட்டைபோல் பல்வரிசை வைத்துக்கொள்ள மன்னரின் அனுமதி தேவைப்பட்ட காலம். அனுமதி கிடைப்பதே பெரிய கௌரவம். இந்த மண் அந்தக் குடும்பத்துக்கு வந்த வழியும் சாதாரணமானது அல்ல. முன்பு இதற்கு உடையவராக இருந்த சர் தாமஸ் டடன்ஹம், அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களின் நடுவே, 1462இல் ராஜதுரோகக் குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டார். சொத்து அவருடைய சகோதரி மார்கரெட் வழியாகப் பெடிங்ஃபெல்ட் குடும்பத்துக்குப் போய், பேரன் எட்மண்டிடம் சேர்ந்தது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பேரன், இந்தச் சுற்றுவட்டாரம் அதற்குமுன் கண்டிராத உயரத்தில் வாசல் வைத்தார்.

கோட்டை என்று எடுத்துக்கொண்டால் இது நிற்காது. பீரங்கி வந்துவிட்ட காலத்தில் இவ்வளவு மெல்லிய சுவரும், வாசலுக்கு நேர்மேலே இவ்வளவு அகலமான ஜன்னலும் வைத்து யாரும் கோட்டை கட்டமாட்டார்கள். கொத்தளத்தின் மேலே எதிரி தலையில் கல்லைப் போடுவதற்கென்று வைக்கப்படும் துவாரங்களின் வடிவம் இங்கே அழகுக்காக வந்திருக்கிறது. ஆனாலும் இதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தூண்கோபுரத்தின் முகங்களை மாடிக்கு மாடி நாடாபோல் சுற்றிவரும் சின்ன வளைவுகளின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு வளைவும் மூன்று இதழாக மடிந்திருக்கிறது. அதைக் கல்லில் கொத்துவது சுலபம். செங்கல்லில் கொண்டுவர, அச்சில் வார்த்தோ, சுட்டபின் கோடரியாலும் அரத்தாலும் செதுக்கியோ, ஒவ்வொரு துண்டாகச் சேர்க்க வேண்டும். தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மேல்தட்டில் இருப்பது சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. அங்கேயும் அதே கவனத்தோடு செய்திருக்கிறார்கள்.

சுவருக்கு அருகே போய் நின்றால்தான் இந்தச் செங்கல்லின் குணம் பிடிபடும். கனம் சுமார் இரண்டு அங்குலம். நம் ஊரில் பழைய அரண்மனைச் சுவர்களில் பார்க்கும் பட்டைச் செங்கல்லின் இனம். ஒன்று ஆரஞ்சு, அடுத்தது ரத்தச் சிவப்பு, அதற்கடுத்தது ஊதா படிந்த கருஞ்சிவப்பு. சூளையில் நெருப்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்ததோ அந்த நிறம். தூரத்தில் ஒரே சிவப்பாகத் தெரிவது இத்தனை சிவப்புகள் கலந்து வந்தது. விளிம்பு எதுவும் கத்திபோல் நேராக இல்லை. கைவிரல் அழுந்திய பள்ளமும், வைக்கோல் துரும்பு எரிந்துபோன கோடும் சில கற்களில் அப்படியே இருக்கின்றன.

அந்தக் காலத்துச் செங்கல் ஒரு வருட வேலை. இலையுதிர் காலத்தில் களிமண்ணை வெட்டிக் குவிப்பார்கள். குளிர்காலம் முழுக்க அது வெட்டவெளியில் கிடக்கும். உறைபனி மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை உறையவைத்துக் கட்டிகளை உடைத்து, மாவுபோல் இளக்கிக் கொடுக்கும். வசந்தத்தில் மிதித்துப் பிசைந்து கல் பொறுக்கி, மரச்சட்டத்தில் அடித்து, வாரக்கணக்கில் நிழலில் காயவைத்துச் சூளை அடுக்குவார்கள். எல்லாம் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே. அந்தக் காலத்துச் சாலையில் வண்டி கட்டிச் செங்கல் ஏற்றினால், தூரம் கூடக்கூடச் செங்கல் விலையை வண்டிக்கூலி தாண்டிவிடும். அதனால் இந்த வீட்டின் சுவர் இந்த ஊரின் நிலமேதான், நிமிர்த்தி நிறுத்தியது.

அக்கா மகன் சுவரில் வரி எண்ண ஆரம்பித்தான். ஒரு வரியில் செங்கல் நீளவாக்கில், அடுத்த வரியில் தலைப்பக்கம் வெளியே தெரியும்படி குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கும் கட்டு, இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. நம் ஊர்க் கொத்தனார்களும் கட்டட மேஸ்திரிகளும் 'இங்கிலீஷ் பாண்ட்' என்று இன்றைக்கும் அதே பெயரில் சொல்கிறார்கள். ஒரே வரியில் நீளமும் குறுக்கும் மாறிமாறி வரும் 'ஃப்ளெமிஷ் பாண்ட்' இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் நாகரிகமாயிற்று. ஆகவே இங்கிலாந்தில் ஒரு செங்கல் வீட்டின் வயதை, உள்ளே போகாமல் சுவரைப் பார்த்தே ஓரளவுக்குச் சொல்லிவிட முடியும். பொதுப்பணித் துறைக் கட்டடங்கள் வழியாக அந்த இரண்டு கட்டும் நமக்கு வந்து சேர்ந்தன. பாலிடெக்னிக்கில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒருமுறை இந்தச் சுவர் முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வாயிற்கோபுரத்துக்குள் நுழைந்தால், தூண்கோபுரங்களில் ஒன்றின் உள்ளே சுழல்படி இருக்கிறது. ஆக்ஸ்பர்க்கில் ஒரே ஒரு பொருளைப் பார்க்கத்தான் நேரம் என்றால், நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். படி, நடுத்தூண், சுவர், தலைக்கு மேலே இருக்கும் கூரை எல்லாம் செங்கல். கல்லில் சுழல்படி கட்டுவது லேசு. ஒவ்வொரு படியையும் ஒரே கல்லாகச் செதுக்கி, அதன் குறுகிய முனையை நடுத்தூணாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒன்பது அங்குலச் செங்கல்லில் அந்த வேலை நடக்காது. படிக்கு அடியில் ஏதாவது தாங்க வேண்டும். அதற்காக இந்தக் கொத்தனார்கள் சுழன்றுகொண்டே மேலேறும் ஒரு வளைகூரையைச் செங்கல்லால் கட்டி, அதன் முதுகில் படியை ஏற்றியிருக்கிறார்கள். ஏறுகிறவர் தலைக்கு மேலே தெரிவது அடுத்த சுற்றின் வயிறு.

ஒரு வளைவு ஒரே மட்டத்தில் இருந்தால் சாரம் கட்டிப் பலகை வளைத்து எழுப்பிவிடலாம். இது ஒரே சமயத்தில் வளையவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஏறவும் வேண்டும். ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லோடு சேரும் கோணம் வேறு. நடுத்தூண் பக்கம் நெருக்கமாகவும், வெளிச்சுவர்ப் பக்கம் அகன்றும் வரி போகிறது. அக்கா மகன் செல்போன் வெளிச்சத்தை மேலே பிடித்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றான். "இதை இன்னைக்கு வரையணும்னா மென்பொருள் இல்லாம முடியாது மாமா. அவங்க எதை வெச்சு வரைஞ்சிருப்பாங்க?" வரைந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம். நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு கயிறு, கையில் தூக்குக்குண்டு. முதல் சுற்று கைவந்துவிட்டால் மீதிச் சுற்றுகளுக்கு அதுவே அளவு.

சுவரில் கைப்பிடியும் உண்டு. மரத்தாலோ இரும்பாலோ தனியாகப் பொருத்தியது அல்ல. சுவருக்குள் ஒரு பள்ளம் விட்டு, அதன் அடியில் உருண்ட முகம் கொண்ட செங்கல்லை வரிசையாகப் பதித்து, கை வைத்துக்கொள்ள வாகாகச் சுழற்றிக்கொண்டே மேலே கொண்டு போயிருக்கிறார்கள். கையை வைத்தேன். ஐந்து நூற்றாண்டுக் கைகள் தேய்த்ததில் செங்கல் துணிபோல் மெத்தென்று இருக்கிறது. இரண்டு துண்டு சேரும் இடத்தில் சாந்துக்கோடு விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. குறுகலான படியில் கைப்பிடியை வெளியே நீட்டினால் தோள் இடிக்கும் என்று யோசித்துச் சுவருக்குள் வாங்கிய அந்தக் கொத்தனாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கட்டச் சொன்னவரின் பெயர் மட்டும் இருக்கிறது.

படி ஏறி முதலில் வருவது அரசர் அறை. 1487இல் ஏழாம் ஹென்றி மன்னர் இங்கே வந்து தங்கினார் என்பதால் அந்தப் பெயர். ஐந்தாண்டுக்கு முன் அனுமதி தந்த யார்க் வம்சம் வீழ்ந்து, டியூடர் வம்சம் அரியணையில் ஏறியிருந்தது. புது மன்னருக்கும் அதே வாசல் திறந்தது. வாசலுக்கு நேர்மேலே அறை. ஒரு பக்க ஜன்னலில் பாலமும் வருகிறவர்களும், மறுபக்க ஜன்னலில் உள்முற்றம். எதையும் ஒளிக்காத அறை என்றுதான் முதலில் தோன்றும்.

மூலையில், தூண்கோபுரத்துக்குள் ஒதுங்கிய ஒரு சின்னக் கழிப்பறைத் தடுப்பு. அதன் தரையில் செங்கல் ஓடு பதித்திருக்கிறது. அந்தத் தரையின் ஒரு பகுதி கதவு. மரச்சட்டத்தின் மேல் அதே ஓட்டைப் பதித்து, ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பும்படி எடை சமன்செய்து மாட்டியிருக்கிறார்கள். மூடினால் தரையோடு தரை. திறந்தால் கீழே ஒரு ஆள் உடலைக் குறுக்கிக் காலை முதலில் விட்டு இறங்கும் அளவுக்கு ஓர் ஓட்டை. அது திரும்பி, சுவரின் கனத்துக்குள் ஓர் அறையாக முடிகிறது. உட்காரலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. கத்தோலிக்கப் பாதிரியார்களை ஒளித்துவைத்த இடம்.

பெடிங்ஃபெல்டுகள் கத்தோலிக்கர்கள். நாடு சீர்திருத்தத் திருச்சபைக்கு மாறியபோது இவர்கள் மாறவில்லை. கட்டியவரின் வழிவந்த சர் ஹென்றி பெடிங்ஃபெல்ட், மேரி அரசியின் காலத்தில் இளவரசி எலிசபெத்தைக் காவலில் வைத்திருந்த அதிகாரி. நான்கே ஆண்டில் அந்தக் கைதி அரியணை ஏறினார். அதன்பின் குடும்பத்தின் நிலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1581 முதல் அரசுத் திருச்சபை வழிபாட்டுக்கு வராதவர்களுக்கு மாதம் 20 பவுண்ட் அபராதம். 1585 சட்டத்தின்படி நாட்டில் கால்வைக்கும் கத்தோலிக்கப் பாதிரியார் ராஜதுரோகி, அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் தூக்கு. தேடுகிறவர்கள் நாள்கணக்கில் தங்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், உள் அளவையும் வெளி அளவையும் ஒப்பிடுவார்கள். இப்படிப்பட்ட மறைவிடங்களைக் கட்டுவதில் பேர்போன தச்சரான நிக்கோலஸ் ஓவன் 1606இல் லண்டன் கோபுரத்தில் சித்திரவதையில் செத்தார். ஓர் இடத்தைக்கூட அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்தபோது, இந்தக் கோபுரத்தைப் பற்றி அதுவரை நினைத்திருந்தது எல்லாம் எனக்குள் புரண்டது. ஊரார் எல்லாரும் பார்க்க வேண்டும் என்றே எழுப்பிய வாசல். நூறு ஆண்டு கழித்து அதன் வயிற்றில், யாரும் பார்க்கவே கூடாத ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றியதும் அந்த ஆடம்பரம்தான். தூண்கோபுரத்தின் எண்கோண வடிவம், மூலைக்கு மூலை மாறும் சுவர்க் கனம், சுழல்படி, தடுப்பறை என்று அளவு குழம்பும் இடம் இது. நேர்ச்சுவர் வீட்டில் இரண்டடி காணாமல் போனால் கண்டுபிடித்துவிடலாம். இங்கே முடியாது.

அரசுக்குப் பணியாததால் பதவி போனது. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றதால் வீடு சூறையாடப்பட்டது, ஒரு பகுதி எரிந்தது. ஆனால் ஒரு வகையில் ஏழ்மைதான் இந்தக் கட்டடத்தைக் காத்தது. பணக்காரப் பிரபுக்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பழைய செங்கல் வீடுகளை இடித்துவிட்டு வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகளைக் கட்டிக்கொண்டார்கள். இவர்களால் அது முடியவில்லை. 1775இல் மட்டும், குடும்பத்தில் நான்காவதாகப் பாரனெட் பட்டம் பெற்ற சர் ரிச்சர்ட், தெற்குப் பக்கத்தில் இருந்த பெருங்கூடத்தை இடித்துத் தள்ளினார். வாசலுக்கு நேரெதிரே, முற்றத்தின் அந்தப் பக்கம் அமைந்த அந்தக் கூடம்தான் வீட்டின் இதயம். இன்று முற்றத்தில் நின்றால் அந்தப் பக்கம் பல் விழுந்த வாய்போல் இருக்கிறது.

1826இல் ஆறாம் பாரனெட், மார்கரெட் பாஸ்டன் என்ற வாரிசுப் பெண்ணை மணந்தார். கெய்ஸ்டர் செங்கல் கோட்டைக்காக ஒரு தலைமுறை முழுக்க வழக்காடிய அதே பாஸ்டன் வம்சம். பணம் வந்தது. ஜே. சி. பக்லர் என்ற கட்டடக்கலைஞரை வைத்து 1830களில் பழுது பார்த்தார்கள். கூரைக்கு மேலே முறுக்கிய கயிறுபோல் எழும் சுடுமண் புகைபோக்கிகள், தென்கிழக்குக் கோபுரம், முற்றத்துப் பக்க ஜன்னல்கள் எல்லாம் அப்போது வந்தவை. பழமையைக் கறாராகப் பார்க்கிறவர்கள் இந்தச் சேர்க்கையை விரும்புவதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. முன்னூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கொத்தனாருடைய மொழியைக் கற்றுக்கொண்டு, அதிலேயே பேச முயன்றிருக்கிறார் பக்லர். இருண்ட ஓர் அறையில் ஸ்காட்லாந்து அரசி மேரி சிறைக்காலத்தில் பின்னிய பூவேலைத் திரைகள் தொங்குகின்றன. 18ஆம் நூற்றாண்டில் திருமணம் வழியாக வந்தவை. அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

2016இல் கூரை ஜன்னல் ஒன்று பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. சோதித்ததில் கூரை முழுக்கவே தளர்ந்திருப்பது தெரிந்தது. 60 லட்சம் பவுண்ட் செலவில் பெரும் பழுதுவேலை தொடங்கியது. 2020இல், கோவிட் ஊரடங்கின்போது மற்றவர்கள் எல்லாம் வீட்டில் இருக்க, ஒரே ஒரு தொல்லியலாளர் தனியாக மேல்மாடிப் பரணில் உட்கார்ந்து, பெயர்த்த தரைப்பலகைகளுக்கு அடியில் இருந்த தூசியை விரல்நுனியால் அலசினார். எலிக்கூடுகள் கிடைத்தன. எலிகள் தலைமுறை தலைமுறையாக இழுத்துவந்து சேர்த்த துணிக் கிழிசல்கள் இருநூறுக்கு மேல். பட்டு, வெல்வெட், சாட்டின், பூவேலை. எலிசபெத் காலத்து உடைகளின் மிச்சம். கையால் எழுதிய 16ஆம் நூற்றாண்டு இசைத்தாளின் துண்டுகள். இன்னோர் இடத்தில், கூரைவிளிம்பு இடுக்கில், கட்டடத் தொழிலாளி ஒருவர் கையில் சிக்கியது 1568ஆம் ஆண்டின் பிரார்த்தனைப் புத்தகம். தோல் அட்டையில் பொன்வேலை ஏறக்குறைய அப்படியே இருந்தது. குப்பைக்கு நடுவே 15ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்றின் தோலேடு, லத்தீன் சங்கீதத்தின் ஒரு பகுதி. நீலமும் தங்கமும் நேற்று பூசியதுபோல்.

பலகைக்கு அடியில் தடிமனாகச் சுண்ணாம்புக் காரை போட்டிருந்தார்கள். ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டது. பூச்சியும் அரிக்கவில்லை. மறைவாக வழிபட்ட குடும்பத்தின் ஏடுகளை நூற்றாண்டுக் கணக்கில் காத்தது அந்தக் காரை. கட்டடத்தைப் பற்றி யாராவது சுண்ணாம்பா சிமென்டா என்று கேட்டால் நான் இனி இந்தப் பரணைத்தான் காட்டுவேன். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும், செங்கல் அசைந்தால் சேர்ந்து அசையும். பழஞ்சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் செதில்செதிலாக உரியும். நம் ஊரில் நூறு, நூற்றைம்பது வயதுச் செங்கல் கட்டடங்களுக்குத் 'திருப்பணி' என்ற பெயரில் நடப்பதை நினைத்து அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனத்தது.

அறையில் இருந்த வழிகாட்டிப் பெண்மணிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சம்பளம் இல்லாமல் வந்து உட்காருகிறவர். பலகைக்கடியில் கிடைத்தவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டேன். "சாக்லேட் பெட்டி" என்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து டெர்ரிஸ் சாக்லேட் பெட்டி, காலியாக. "ரேஷன் காலம் இல்லையா? யாரோ ஒளிஞ்சுக்கிட்டு ஒண்ணு விடாம சாப்பிட்டிருக்காங்க." பாதிரியாரும் புத்தகமும் ஒளிந்த வீட்டில் சாக்லேட்டும் ஒளிந்திருக்கிறது.

போர் முடிந்தபின் இந்த வீடு சாவின் விளிம்புக்குப் போனது. 1951இல் எஸ்டேட் விற்கப்பட்டது. வாங்கியது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அவர்களுக்கு வேண்டியது மரம்தான், வீட்டை இடித்துவிடுவதாக இருந்தார்கள். குடும்பத்துப் பெண்கள் மூவர், சிபில் பெடிங்ஃபெல்ட் சீமாட்டியும் அவருடைய மகளும் உறவுக்காரப் பெண்ணும், சொந்தப் பணத்தைத் திரட்டி வீட்டைத் திரும்ப வாங்கி, 1952இல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். டாட்டர்ஷலுக்கும் இதே ஆபத்து வந்திருக்கிறது. 1911இல் அங்கிருந்த கல் கணப்படுப்புகளைப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற இருந்தபோது, கட்டடத்தை வாங்கி, கணப்படுப்புகளையும் மீட்டு வந்தவர் கர்சன் பிரபு. நம் வரலாற்றில் வங்கப் பிரிவினைக்காக நினைக்கப்படும் அதே வைஸ்ராய். பழஞ்சின்னங்களுக்கான 1904ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் அவர் காலத்தில் வந்தது, இன்று நம் பழங்கோயில் வாசல்களில் தொல்லியல் துறைப் பலகை நிற்பது அதன் தொடர்ச்சியில்தான். இங்கிலாந்துக்கு அதற்கு ஈடான வலுவான சட்டம் டாட்டர்ஷல் விவகாரத்துக்குப் பிறகு, 1913இல்தான் வந்தது.

வெளியே வந்து, வாசலுக்கு எதிரே நடந்தால் ஊர்த் தேவாலயம். 1948இல் அதன் கோபுரமும் கூர்முடியும் சரிந்து விழுந்து, கூடத்தின் கூரை போய்விட்டது. பக்கத்தில் ஒட்டியிருந்த பெடிங்ஃபெல்ட் சிற்றாலயம் மட்டும் தப்பியது. உள்ளே 1520களில் செய்த இரண்டு நினைவுச் சின்னங்கள். ஆளுயரத்துக்கு மேல் எழும்பும் மண்டபம், தூண், விதானம், கொடிவேலை எல்லாம் சுடுமண். வீட்டில் கோதிக் வளைவுகளாக இருந்த மண், ஒரே தலைமுறையில் இத்தாலிய மறுமலர்ச்சியின் இலையும் குடமும் ஆகிவிட்டது. கிட்டப் போனால் அச்சில் வார்த்த துண்டுகள் சேரும் கோடு தெரிகிறது. தூணின் நடுவில் ஓர் இலை இரண்டு துண்டாகப் பிரிந்து, கொஞ்சம் விலகிச் சேர்ந்திருக்கிறது.

எஸ்ஸெக்ஸில் கோல்செஸ்டர் அருகே லேயர் மார்னி என்ற ஊரில் இருக்கும் சுடுமண் கல்லறைகளும் இதே குழுவின் கைவேலை என்று கட்டடக்கலை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். அங்கேயும் ஒரு செங்கல் வாயிற்கோபுரம் உண்டு, ஆக்ஸ்பர்க்கைவிடப் பகட்டானது. ஹென்றி மார்னி பிரபு 1520 வாக்கில் தொடங்கினார். 1523இல் அவர் இறந்தார். மகன் 1525இல் இறந்தார். ஆண் வாரிசு இல்லை, வேலை நின்றுவிட்டது. வாசல் முழுசாக எழும்பிவிட்டது, அதற்குப் பின்னால் வரவேண்டிய பெரும் வீடு வரவே இல்லை. டவுன்ஹம் மார்க்கெட் ரயிலில் உட்கார்ந்ததும் அக்கா மகன் கோல்செஸ்டருக்கு எந்த வண்டி என்று தேட ஆரம்பித்தான்.